நேற்று மத்தியானத்துக் கீரை

நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் போர்டில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. நாங்கள் எலி ரூம் என்றுதான் சொல்வோம். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி இருக்கிறது. உள்ளே எப்போதும் ஏசி ஓடும். கூண்டு கூண்டாக வெள்ளை எலிகள். தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில்களைக் கழுவி மாட்டுவது, கூண்டுக்குள் பரப்புகிற உமியை மாற்றுவது எல்லாம் என் வேலை. உமி எங்கள் ஊர்ப் பக்கத்து ரைஸ் மில்லிலிருந்துதான் மூட்டையாக வருகிறது. சலித்து, சூடு காட்டி, ஆறவைத்துப் போட வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அந்த வகையில் எலி ரூம் எனக்குச் சௌகரியமான இடம். ஊரில்தான் கேலி அதிகம். டீக்கடையில் என்னைப் பார்த்தால் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"நாங்க வயல்ல கிட்டி வச்சு எலியைக் கொல்றோம். நீ அங்க ஏசி போட்டுச் சோறு போடுறே. எங்க வயல் எலிக்கும் அங்க ஒரு வேலை சொல்லிவிடுப்பா."

நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்து முடிப்பேன். பதில் மதகைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும்.

அந்த டீயைக்கூடக் குடித்து முடிக்க முடியாத ஒரு காலம் வந்தது. சோற்றில் இரண்டு கை அள்ளிப் போட்டதும் வயிறு நிறைந்துவிடும். பந்தியில் முழுச் சாப்பாடு சாப்பிட்டவன் மாதிரி நெஞ்சு வரை திம்மென்று நிற்கும். சில நாள் காலையில் வாந்தி வரும். முந்தின நாள் சாப்பிட்ட சோறு பருக்கை பருக்கையாக அப்படியே வெளியே வரும். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். மனைவி வாயு என்று நினைத்தாள். ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். எனக்குப் பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

நான் நினைத்தது வேறு. என் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு கை சோறு, நெஞ்சடைப்பு, காலையில் வாந்தி, இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவுவது. அவரும் வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போனபோது வயிற்றுக்குள் கட்டி பெரிதாக வளர்ந்திருந்தது. ஒரு குறுவை நடவில் படுத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை. அதனால் எனக்கு என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். டாக்டரிடம் போனால் அது உறுதியாகிவிடும். போகாதவரை வாயுவாகவே இருக்கும்.

மன்னார்குடிப் பக்கம் அண்ணி வீட்டில் புதுமனை புகுவிழா நடந்தது. அண்ணன் மகன் வெளிநாட்டில் சம்பாதித்துக் கட்டிய வீடு. பந்தியில் என் இலையில் சாம்பார் சோறு விழுந்தது. நான் அதை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு வருவதற்குள் இலையை மூடிவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே பாயசத் தூக்கோடு அண்ணி நின்றார். மூடிய இலையைப் பார்த்தார். அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

கை கழுவுகிற இடத்துக்குப் பின்னாலேயே வந்தார்.

"தம்பி, எவ்வளவு நாளா இப்படி?"

"வாயு அண்ணி."

"உங்க அண்ணனும் எங்கிட்ட வாயுன்னுதான் சொன்னாரு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போய்ப் பாருங்க. என்னான்னு பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்து சொல்லுங்க. பாக்காம என் வாசப்படி மிதிக்காதீங்க. இன்னொரு தடவ என்னால முடியாது."

அதற்குப் பிறகும் நான் போகவில்லை. போக வைத்தது எலிகள்தான்.

அந்தச் சமயத்தில் எலி ரூமில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண்ணை நான் மேடம் என்பேன். வயதில் என் மகளைப் போல. அவர் என்னை அண்ணே என்பார். சில எலிகளுக்கு ஊசி போட்டுச் சர்க்கரை வரவைத்திருந்தார். அவை நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும். உமி மாற்றி மாற்றி எனக்கு இடுப்பு ஒடிந்தது. சில வாரம் கழித்து அவற்றைப் பட்டினி போட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டினி என்றால் தீனியை எடுப்பது மட்டும் போதாது. பசித்தால் எலி உமியில் ஒட்டியிருக்கிற குருணையைக்கூடப் பொறுக்கித் தின்றுவிடும். அதனால் உமியையும் எடுத்துவிட்டு, கம்பி வலைத் தரையுள்ள கூண்டில் விட வேண்டும். எல்லாம் அவர் சொன்னபடி செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் மேடமும் கூட இருப்பவர்களும் உள்ளே எலிகளை அறுத்து வயிற்றைப் பார்த்தார்கள். அந்த வேலை நடக்கும்போது நான் வெளியே நின்று பாட்டில் கழுவுவது வழக்கம். கொஞ்ச நேரத்தில் மேடம் கையுறையோடு வெளியே வந்தார்.

"அண்ணே, நேத்து தீனி எடுத்தீங்களா, மறந்துட்டீங்களா?"

"எடுத்துட்டேங்க."

"வயித்துல அப்படியே இருக்கு அண்ணே. நல்லா இருக்கிற எலிக்கெல்லாம் காலி. சுகர் எலிக்கு மட்டும் ஃபுல்லா இருக்கு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எடுத்துவிட்டேன் என்று இன்னொரு தடவை சொல்லக்கூட வாய் வரவில்லை. அடுத்த முறை வேறு சில எலிகளுக்கு அவரே தன் கையால் தீனியை எடுத்தார், உமியை எடுத்தார், கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார். மறுநாளும் அப்படியேதான் இருந்தது. சுகர் எலிகளின் வயிற்றில் தீனி நின்றுபோயிருந்தது. மேடம் வெளியே ஓடிவந்தார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டு.

"அண்ணே, ஸாரி. இதுதான் எங்களுக்கு வேணும். இதுதான் வியாதியே."

அன்றைக்கு அவர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். சந்தோஷமாக இருக்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பேச வரும். என்ன வியாதி என்று கேட்டேன். பாட்டில் கழுவும் தொட்டி மேல் சாய்ந்துகொண்டு சொன்னார். தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு நரம்பு இறங்குகிறதாம். வேகஸ் நரம்பு என்று பெயராம். சாப்பாடு வந்திருக்கிறது, அரைத்துக் கீழே தள்ளு என்று வயிற்றுக்குச் சொல்வது அதுதானாம். சர்க்கரை பல நாள் இருந்தால் அந்த நரம்பு சோர்ந்துபோகுமாம். வயிறு சும்மா பை மாதிரி கிடக்கும். போட்டது போட்டபடி நிற்கும்.

"கொஞ்சம் தின்னாலே நிறைஞ்சிடும் அண்ணே. எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. மனுஷங்களா இருந்தா வாந்தி வரும். முந்தின நாள் சாப்பிட்டது அப்படியே வரும்."

என் கையில் இருந்த பாட்டிலில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. குழாயை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்தான் மூடினார்.

பிறகு அந்தச் சுகர் எலிகளில் சிலவற்றுக்குக் காதில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். காதிலா என்று கேட்டேன்.

"காது குடையும்போது சில பேருக்கு இருமல் வருமே, பாத்திருக்கீங்களா? காதுல ஒரு இடத்துல அந்த நரம்போட கிளை ஒண்ணு வருது. அங்க லேசா கரண்ட் குடுத்தா நரம்பு முழிச்சிக்குதான்னு பாக்கிறோம்."

நான் கோழி இறகால் காது குடைகிற ஆள். ஒவ்வொரு தடவையும் இருமுவேன். அந்த இருமலுக்கும் வயிற்றுக்கும் ஒரே நரம்பு என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எலியை மெல்லிய துணியில் சுருட்டிப் பிடித்து, காதில் முடி போன்ற ஊசியைக் குத்தி, சின்ன டப்பாவிலிருந்து வரும் கம்பியை மாட்டுவார்கள். முதல் நாட்களில் திமிறும். பிறகு பழகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அப்படிச் செய்த எலிகளில் சிலவற்றின் வயிறு பட்டினிக்குப் பிறகு காலியாக இருந்தது என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்குத்தான். அதற்கே மேடம் கல்லூரி கேன்டீனிலிருந்து எல்லாருக்கும் வடை வாங்கித் தந்தார். நான் அரை வடை சாப்பிட்டேன்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் என் கை தானாகக் காதுக்குப் போயிற்று. காது மடலின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னங்க, காதுக்குள்ள எறும்பு போயிடுச்சா?" என்றாள் மனைவி.

அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால் போவது, அண்ணி சொன்னது, எலி வயிறு எல்லாவற்றையும். "நாளைக்கே போவோம்" என்றாள்.

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும் என்றார். வெறும் வயிற்றில் வரச் சொன்னார். முந்தின நாள் பொழுது சாய்வதற்கு முன்பே ரசம் சோறு கொஞ்சம் சாப்பிட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் எதையும் தொட்டுவிடக் கூடாது என்று மனைவி சட்டி பானை எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, காலில் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நர்ஸம்மா வந்து கேட்டார்.

"பெரியவரே, காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. கொஞ்சம் நீராகாரம் குடிச்சேன்."

"கொஞ்சம்னா?"

"ஒரு சொம்பு."

"அதுல சோறு கிடந்துச்சா?"

"கையைவிட்டுக் கரைச்சுத்தாம்மா குடிச்சேன்."

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இங்க வர்ற யாருமே சாப்பிடுறதில்ல. இட்லி தின்னவங்க சாப்பிடல. வாழைப்பழம் தின்னவங்க சாப்பிடல. உள்ள குழாய விட்டா எல்லாம் இருக்கு!" பெரியவரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க?" நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

தொண்டையில் மருந்து அடித்தார்கள். நாக்கு தடித்துக் கட்டை மாதிரி ஆகிவிட்டது. குழாய் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டர் டிவியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். கொஞ்ச நேரத்திலேயே குழாயை எடுத்துவிட்டார். நர்ஸம்மா கதவைத் திறந்து என் மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்மா, இவருமா? வயிறு பூரா சோறு கிடக்குது. ஒண்ணையும் பாக்க முடியல."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"சோறா? நான்தான் எல்லாத்தையும் கவுத்துட்டேனே! எங்க சாப்பிட்டீங்க? எனக்கு டீ வாங்கிட்டு வர்றேன்னு பஸ் ஸ்டாண்டுல இறங்கிப் போனீங்களே, அங்கயா?"

நான் இல்லை என்று சொல்லப் பார்த்தேன். மரத்த நாக்கிலிருந்து ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. நாக்கு நன்றாக இருந்திருந்தாலும் நான் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் மேடம் முன்னால் நின்றதுபோலவே முகம் சூடாகி நின்றேன். ஆனால் இந்தத் தடவை உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது. தீனி எடுத்தும் காலியாகாத வயிறு. அந்த எலிகளின் வயிறு.

"சோறு மட்டும் இல்லம்மா, கீரையும் கிடக்கு. பச்சையா சுவத்துல ஒட்டிக்கிட்டு" என்றார் நர்ஸம்மா.

"கீரையா?" மனைவியின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "கீரை நேத்து மத்தியானம்ல வச்சேன்."

"ராத்திரியும் அதையே போட்டிருப்பீங்க."

"ராத்திரியில எந்த வீட்டுலங்க கீரை போடுவாங்க? மிச்சம் இருந்ததை மாட்டுக்கு வச்சிட்டேன்."

நர்ஸம்மா டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டிலும் ராத்திரியில் கீரை கிடையாது. பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில் கீரை விற்கிற கடையும் கிடையாது. கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் தண்ணீரை நிறுத்தினார்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதா? உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு வருஷமா இருக்கு?"

மனைவிதான் பதில் சொன்னாள். எங்கள் பெரிய மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து என்றாள். டாக்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். சர்க்கரையினால் வயிறு மந்தமாகி இப்படி ஆகியிருக்கலாம் என்றார். மேடம் சொன்ன அதே நரம்பைச் சொன்னார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது.

"ஆனா இப்பவே நான் அப்படிச் சொல்லிட முடியாது. வயித்துலேருந்து வெளிய போற வழியில ஏதாவது அடைச்சிருந்தாலும் சாப்பாடு இப்படித்தான் நிக்கும். அந்த இடத்தைப் பாக்கவே முடியல. கொஞ்ச நாள் தண்ணி ஆகாரமா குடிச்சிட்டு வாங்க. திரும்பப் பாப்போம்."

எழுந்து குதிக்க நினைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுக்கு அடைத்திருந்ததும் அந்த இடம்தான்.

மோரும் வடிகட்டின ரசமும் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கும் எலிக்கு வந்ததுதானே என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது அண்ணே. நான் எலியைத்தான் படிச்சிருக்கேன். டாக்டர் பாக்கட்டும்."

நான் மேஜை மேல் இருந்த கரண்ட் டப்பாவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"நெனைக்கவே நெனைக்காதீங்க" என்று சிரித்துவிட்டார். "மனுஷங்களுக்கு வேற ஊர்ல வேற ஆளுங்க இதைச் செஞ்சு பாத்துக்கிட்டிருக்காங்க. எங்க வேலை இன்னும் எலிகிட்டதான் நிக்குது. உங்க காதுல நான் இதை மாட்டினா என் படிப்பும் போச்சு, உங்க வேலையும் போச்சு."

அன்று சாயங்காலம் கிளம்பும்போது கூண்டுகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். காதில் கம்பி மாட்டிப் பழகிய எலி ஒன்று, புது உமிக்குள் மூக்கை நுழைத்துக் குருணை தேடிக்கொண்டிருந்தது. அதற்குப் பசித்திருந்தது. பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

இரண்டாம் முறை அதே நர்ஸம்மாதான் இருந்தார். இந்தத் தடவை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழாய் உள்ளே போயிற்று. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். டாக்டர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் நீளமாக இருந்தது. பிறகு, குழாய் இன்னும் தொண்டையில் இருக்கும்போதே, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒண்ணும் இல்ல. வழி நல்லா திறந்திருக்கு. கட்டி இல்ல, புண்ணுகூட இல்ல."

மனைவியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். "வயிறு நல்லாத்தாம்மா இருக்கு. வேலை செய்யத்தான் சோம்பேறித்தனம்."

"வயித்துக்கு மட்டும் இல்லீங்க டாக்டர்" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வயிறு எப்படிச் சுருங்குகிறது என்று பிறகு இன்னொரு சோதனையும் செய்து, சர்க்கரையால் வந்த மந்தம்தான் என்று உறுதிப்படுத்தினார்கள். இரண்டாம் முறை குழாய் விட்ட அன்றைக்கே மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடவும், குழைய வேகவைத்துச் சாப்பிடவும் சொன்னார்கள். முற்றிலும் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் சில நாள் நெஞ்சுவரை நிற்கும். ஆனால் கொட்டகைக்குப் பின்னால் போவது அநேகமாக நின்றுவிட்டது.

இரண்டாம் முறை பார்த்ததற்கு மறுநாளே அண்ணி வீட்டுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். நேராக வந்து சொல்லுங்கள் என்றுதானே சொல்லியிருந்தார். புது வீட்டு வாசலில் உளுந்து காயப்போட்டு, காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். நான் படிக்குக் கீழே நின்றேன்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு அண்ணி. கட்டி இல்லையாம்."

"யாரு சொன்னது?"

"டாக்டரு. ரெண்டு தடவ குழாய் விட்டுப் பாத்தாச்சு."

அவர் மறுபடி உளுந்தைத் துழாவ ஆரம்பித்தார். ஏற்கெனவே துழாவிய இடத்தையே துழாவினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னதான் வியாதியாம்?"

"எலிக்கு வர்றது."

"எதுக்கு?"

"எலிக்கு அண்ணி. எங்க ரூம்ல இருக்கிற எலிக்கு."

திரும்பிப் பார்த்தார். கண் நனைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "உங்க அண்ணன் இருந்திருந்தா இதை ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்கியிருப்பாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "ஏன் கீழயே நிக்கிறீங்க? ஏறி வாங்க தம்பி" என்றார்.

சோற்றை மறுபடி உலையில் போட்டுக் குழைய வேகவைத்துப் பருப்புத் தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்தார். இரண்டு கரண்டி ஆனதும் போதும் என்றேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்த வீட்டில் இரண்டு கரண்டியோடு யாரையும் எழவிட்டதில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணி. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு இன்னும் கொஞ்சம் சாப்பிடணும். அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம்."

"அப்படின்னா சரி" என்று கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார். "எல்லாத்தையும் இங்கயே சாப்பிட்டுட்டுப் போங்க."

போகவிடவில்லை. சாயங்காலம் வரை உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. நான் கோழிகளை ஓட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது அண்ணி ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கிண்ணம் காலியாகும் வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து உள்ளே போனார்.